ஒழிவிடம் தேடிய கற்றை: பாசிட்ரான் ஆய்வின் வரலாறும் கல்பாக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

திண்மப் பொருள்களுக்குள் அணு அளவில் அமைந்த குறைபாடுகளை அறியப் பாசிட்ரான் கற்றை இன்று உலகின் பல ஆய்வகங்களில் பயன்படுகிறது. இக்கருவியின் வரலாறு பெரும்பாலும் எதிர்த்துகளின் கண்டுபிடிப்பிலிருந்து தொடங்கி நேர்கோடாகச் சொல்லப்படுகிறது. அவ்வரலாற்றின் நடுவே ஒரு முரண் இருக்கிறது. எந்தக் குறைபாடுகளைக் காண இக்கற்றை பயன்படுகிறதோ, அதே குறைபாடுகளே கற்றை உருவாவதைப் பல்லாண்டுகள் தடுத்துநின்றன. இக்கட்டுரை அம்முரணை முதன்மைப்படுத்தி, கல்பாக்கத்தில் அணு உலை எஃகு குறித்து நிகழ்ந்த பாசிட்ரான் ஆய்வுகள் அதனோடு சேருமிடத்தை ஆராய்கிறது. இத்துறையைத் தமிழில் எழுத முற்படும்போது 'வெற்றிடம்' என்னும் ஒரே சொல்லால் நேரும் குழப்பத்தையும் சுட்டி, மாற்றுச் சொற்களை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: பாசிட்ரான், படிகக் குறைபாடு, ஒழிவிடம், உட்புழை, தணிப்பான், கல்பாக்கம், அறிவியல் தமிழ்.

முன்னுரை

சேலத்தை அடுத்த ஆட்டையாம்பட்டி இக்கட்டுரையாளரின் ஊர். அங்குப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் சிலரிடம் இந்த ஆய்வைப் பற்றிப் பேச நேர்ந்தபோது, "வெற்றிடத்தின் வழியே செலுத்தப்படும் பாசிட்ரான், எஃகுக்குள் இருக்கும் வெற்றிடத்தில் சிக்குகிறது, அத்தகைய வெற்றிடங்கள் சேர்ந்து வெற்றிடமாக வளர்கின்றன" என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டவர்கள் சிரித்தனர். சிரிப்பு நியாயமானதே. ஆங்கிலத்தில் வேக்குவம், வேக்கன்சி, வாய்டு எனத் தனித்தனியே நிற்கும் மூன்று கருத்துகளும் இன்றைய தமிழ் எழுத்துவழக்கில் 'வெற்றிடம்' என்னும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. முதலாவது, காற்று நீக்கப்பட்ட வெளி. இரண்டாவது, படிகத்தில் ஓர் அணு இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லாமை. மூன்றாவது, அப்படி அணுவற்ற இடங்கள் பல ஒன்றுகூடிப் பொருளுக்குள் உண்டாகும் நுண்குழி. இவை மூன்றும் வேறுபட்டவை என்பதே இத்துறையின் அடிப்படை. அதைச் சொல்லவே மொழி இடங்கொடாவிட்டால் வரலாற்றை எப்படி எழுதுவது?

ஆதலின் இக்கட்டுரையில் முதலாவதற்கு மட்டும் 'வெற்றிடம்' என்ற சொல் ஆளப்படுகிறது. இரண்டாவதற்கு, அணு ஒழிந்த இடம் என்ற பொருளில் 'ஒழிவிடம்' என்றும், மூன்றாவதற்கு 'உட்புழை' என்றும் வழங்கப்படுகின்றன. வளிமம் நிறைந்த உட்புழை 'குமிழி' ஆகும். இச்சொற்களே இறுதியானவை என்ற பிடிவாதம் கட்டுரையாளருக்கு இல்லை. மூன்று பொருளுக்கும் மூன்று சொல் வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதம் உண்டு.

ஒழிவிடம் என்பதை ஆட்டையாம்பட்டி வட்டாரத்தில் விளக்குவது எளிது. தறியில் பாவின் ஓர் இழை அறுந்துபோனால், அதைக் கவனியாது நெய்த துணியில் அந்த இடம் நீளக் கோடாகத் தெரியும். பழகிய நெசவாளர் கண்ணால் காணுமுன் விரலால் அதைத் தடவி அறிவார். படிகத்தில் அறுபடுவது இழையன்று, ஒற்றை அணு. பத்து லட்சம் அணுக்களில் ஒன்று இல்லாமற்போனால் அதைத் தடவிப் பார்க்கும் விரல் எது என்பதே இத்துறையின் கேள்வி.

இக்கட்டுரை அச்சில் வெளிவந்த ஆய்வுத்தாள்களையும் மாநாட்டுத் தொகுப்புகளையும் அடிப்படையாகக் கொண்டது. நேர்காணல்கள் இதில் இடம்பெறவில்லை.

கணிப்பும் காட்சியும்

பி. ஏ. எம். டிராக் 1928-இல் எலக்ட்ரானுக்கு எழுதிய சமன்பாடு எதிர் ஆற்றல் கொண்ட தீர்வுகளையும் தந்தது. எலக்ட்ரானின் நிறையும் எதிரான மின்னூட்டமும் உடைய துகள் ஒன்று இருத்தல் வேண்டும் என்று 1931-இல் அவர் வெளிப்படையாகக் கூறினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டு 2 அன்று, கலிஃபோர்னியாவில் கார்ல் ஆண்டர்சன் தம் முகிற்கூடத்தில் எடுத்த ஒளிப்படத்தில் அத்துகளின் தடம் பதிந்தது. 6 மில்லிமீட்டர் ஈயத் தகட்டைக் கடந்து சென்ற அத்தடத்தின் வளைவு, துகள் எத்திசையில் சென்றது, அதன் மின்னூட்டம் எத்தகையது என்னும் இரண்டையும் ஒருங்கே காட்டியது. 1933-இல் பிளாக்கெட்டும் ஒக்கியாலினியும் அதனை உறுதிசெய்தனர். ஆண்டர்சனுக்கு 1936-இல் நோபல் பரிசு கிடைத்தது. இவை பலரும் எழுதியவையாதலின் இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நமக்கு வேண்டியது, பாசிட்ரான் எலக்ட்ரானைச் சந்திக்கும்போது நேர்வது. இரண்டும் மறைய, அவற்றின் நிறை பெரும்பாலும் இரு காமாக் கதிர்களாக வெளிப்படுகிறது. ஒவ்வொன்றின் ஆற்றலும் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டு. இதனை இக்கட்டுரை 'இணையழிவு' என வழங்குகிறது. எலக்ட்ரான் அசையாதிருந்தால் இரு கதிர்களும் மிகச் சரியாக எதிரெதிர்த் திசையில் செல்லும். அது நகர்ந்துகொண்டிருந்தால் கோணம் சற்றே பிறழும், ஆற்றலும் சற்றே மாறும். டி பெனடெட்டியும் உடன் பணியாற்றியோரும் 1950-இல் இக்கோணப் பிறழ்வை அளந்து வெளியிட்டனர். அழிந்துபோகும் துகள் தான் அழிந்த இடத்து எலக்ட்ரான்களின் செய்தியை வெளியே அனுப்பிவிடுகிறது என்பது அன்று தெளிவாயிற்று. அதன் பிறகு பாசிட்ரான் அணுக்கரு இயற்பியலாரின் வியப்புப் பொருளாக மட்டும் இருக்கவில்லை. திண்மப் பொருளின் உள்ளே அனுப்பத்தக்க ஒற்றனாகவும் கருதப்பட்டது.

1950: ஒரு தோல்வி

கதிரியக்கப் பொருளிலிருந்து வரும் பாசிட்ரான் வேகமானது. சோடியம்-22 தரும் பாசிட்ரான்களின் ஆற்றல் சுழியிலிருந்து 546 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டு வரை பரந்து கிடக்கிறது. அத்தகைய கலவை இரும்பினுள் சராசரியாக 30 மைக்ரோமீட்டர் அளவுக்கு ஆழ்ந்துவிடும். சில அதைவிடவும் ஆழம் செல்லும். எந்த ஆழத்தில் நின்றன என்று சொல்ல வழியில்லை. ஆழத்தை நாமே முடிவுசெய்ய வேண்டுமானால், எல்லாத் துகளும் ஒரே ஆற்றல் உடையனவாதல் வேண்டும். அதற்கு முதலில் அவற்றை நிறுத்தி, பின் வேண்டிய அளவு முடுக்க வேண்டும்.

நிறுத்துவது கடினமன்று. உலோகத்துள் புகும் பாசிட்ரான் சில பிக்கோவினாடிகளிலேயே வேகமிழந்து சுற்றுப்புற வெப்ப ஆற்றலுக்கு இறங்கிவிடுகிறது. இணையழிவுக்கு முன் எஞ்சிய நூறு பிக்கோவினாடி அளவில் அது அணுக்களிடையே அலைகிறது. மேற்பரப்புக்கு அருகில் நின்ற துகள்களுள் சில அலைந்து அலைந்து மேற்பரப்பை அடைந்து வெளியேற வேண்டுமல்லவா? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் லியோன் மடான்ஸ்கியும் ஃபிராங்கோ ரசெட்டியும் 1950-இல் இதைத்தான் தேடினர். வெப்ப ஆற்றல் பாசிட்ரான்களைக் கண்டறியும் முயற்சி என்றே அவர்தம் தாள் தலைப்பிடப்பட்டது. விடை எதிர்மறை: எதுவும் வெளிவரவில்லை.

ரசெட்டி சிறியவர் அல்லர். உரோமில் என்ரிக்கோ ஃபெர்மியின் குழுவில் இருந்தவர். அணுகுண்டுப் பணியில் சேர மறுத்தவர். பின்னாளில் இயற்பியலையே விட்டுத் தொல்லுயிர்ப் படிவங்களையும் மலைப்பூக்களையும் ஆராயச் சென்றவர். அத்தகைய கைத்திறனுள்ளவரின் சோதனையில் பிழை இருந்ததாகச் சொல்ல முடியாது. கணக்கும் பிழையன்று. பின்வந்தோர் கருதுவது இதுதான்: அவர்கள் பயன்படுத்திய உலோகங்கள் குறைபாடு மலிந்தவை, மேற்பரப்பும் தூயதன்று. பாசிட்ரான்கள் மேற்பரப்புக்கு வரும் வழியிலேயே ஒழிவிடங்களிலும் பிற குறைபாடுகளிலும் சிக்கி அழிந்தன. குறையற்ற உலோகத்தில் 100 நானோமீட்டர் அளவு பரவக்கூடிய துகள், குறையுள்ள உலோகத்தில் அதன் சிறு பங்கையே கடக்கும்.

எதிர்மறை விடை அச்சேறியது. காரணம் அப்போது துலங்கவில்லை. உண்மையில் ரசெட்டியின் கருவி அன்று காட்டியது, உலோகத்துள் பாசிட்ரானை விழுங்கும் இடங்கள் இருக்கின்றன என்பதையே. அதைச் செய்தியாகப் படிக்க 17 ஆண்டுகள் ஆயின.

1967-இன் இரு தாள்கள்

1967-ஆம் ஆண்டு ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரு தாள்கள் வெளிவந்தன. வரலாற்றெழுத்தில் ஆண்டு ஒப்புமைகளுக்கு அளவுகடந்த பொருள் தருவது தவறு என்பதை ஒப்புக்கொண்டே இவற்றை இங்குச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது கனடாவிலிருந்து வந்தது. மெக்கென்சியும் அவர்தம் துணைவரும் உலோகங்களைச் சூடாக்கி, அவற்றுள் பாசிட்ரானின் ஆயுளை அளந்தனர். வெப்பநிலை உயர உயர ஆயுள் நீண்டது. வெப்பத்தால் உலோகம் சிறிது விரிவதை மட்டும் கொண்டு அந்த நீட்சியை விளக்க இயலவில்லை. சூடேறிய உலோகத்தில் ஒழிவிடங்கள் பெருகுகின்றன. பாசிட்ரான் அவற்றில் சிக்குகிறது என்பதே பொருத்தமான விளக்கமாயிற்று. ஒழிவிடத்தில் நேர்மின் அணுக்கரு இல்லை. ஆதலின் நேர்மின்னூட்டமுள்ள பாசிட்ரானை அங்கு விலக்குவார் இல்லை. அங்கு எலக்ட்ரான்களும் குறைவு. ஆதலின் இணையழிவு தாமதப்படுகிறது. குறையற்ற இரும்பில் சுமார் 110 பிக்கோவினாடி வாழும் பாசிட்ரான், ஒற்றை ஒழிவிடத்தில் சுமார் 175 பிக்கோவினாடி வாழ்கிறது. ஒழிவிடங்கள் கூடி உட்புழையாகும்போது ஆயுள் மேலும் நீளும். ஓர் அணுவின் இன்மையை நேரத்தால் அளக்க முடியும் என்பதே இத்தாளின் பேறு. பத்து லட்சம் அணுக்களுக்கு ஓர் ஒழிவிடம் இருந்தாலும் பாசிட்ரான் அதை உணரும். வழக்கமான எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அது புலப்படாது.

இரண்டாவது தாள் பிரிட்டனிலிருந்து வந்தது. ஸ்காட்லாந்தின் டூன்ரே வேக உலையில் எரிபொருளுக்கு உறையாக இருந்த துருப்பிடிக்காத எஃகை ஆராய்ந்த காதோர்னும் ஃபுல்ட்டனும், அதனுள் எண்ணற்ற உட்புழைகள் தோன்றியிருப்பதைக் கண்டு நேச்சர் இதழில் வெளியிட்டனர். நம் வீடுகளில் எவர்சில்வர் என வழங்கும் எஃகின் நெருங்கிய இனம்தான் அது. வேக நியூட்ரான் ஒவ்வொன்றும் எஃகின் அணுக்களை இடம்விட்டுத் தள்ளுகிறது. தள்ளப்பட்ட அணுக்களில் மிகப் பல மீண்டும் ஓர் இடம் பெறுகின்றன. மீளாதவற்றின் கணக்கில் ஒழிவிடங்கள் மிஞ்சிக் கூடி உட்புழைகளாகின்றன. எஃகு உருகாமலும் உடையாமலும் வீங்குகிறது. வேக உலையில் எரிபொருள் தொகுதிகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பவை. அவை வீங்கிக் கோணினால் குளிர்விக்கும் திரவ சோடியத்தின் வழி சுருங்கும். தொகுதியை உருவி எடுப்பதும் கடினமாகும். எரிபொருளில் இன்னும் ஆற்றல் இருக்கும்போதே உறையின் பொருட்டு அதை வெளியே எடுக்க நேரும். வேக உலையின் பொருளியலே இவ்வீக்கத்தில் தங்கியிருந்தது எனலாம்.

ஒரு தாள் ஒழிவிடத்தை அறியும் வழியைச் சொன்னது. மற்றது ஒழிவிடம் இழைக்கும் கேட்டைச் சொன்னது. இரண்டும் சந்திக்க ஐந்தாண்டுகள் ஆயின. நியூட்ரான் தாக்கிய மாலிப்டினத்தில் உட்புழைகளைப் பாசிட்ரான் கொண்டு அறிந்த டென்மார்க்–பிரிட்டன் குழுவின் தாள் 1972-இல் நேச்சரில் வந்தது. அப்போதும் பயன்பட்டவை வேகப் பாசிட்ரான்களே; கற்றை அன்று.

தணிப்பானின் கதை

கற்றையின் கதை வேறொரு தடத்தில் நடந்தது. 1958-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் செர்ரி என்னும் ஆய்வு மாணவர் முனைவர்ப் பட்ட ஆய்வேடு ஒன்றை அளித்தார். பாசிட்ரான் தாக்கும்போது மேற்பரப்பிலிருந்து வெளிவரும் இரண்டாம்நிலை எலக்ட்ரான்கள் அதன் தலைப்பு. அந்த ஆய்வேட்டினுள், குரோமியம் பூசிய மேற்பரப்பிலிருந்து மிகச் சிறிய எண்ணிக்கையில் மெதுவான பாசிட்ரான்கள் வெளிவருவது பதிவாகியிருந்தது. ரசெட்டி தேடியது கிடைத்துவிட்டது; ஆனால் வேறொன்றைப் பற்றிய தலைப்பின்கீழ், அச்சேறாத ஏட்டில். அதன்பின் பத்தாண்டுக் காலம் அத்துறையில் பெரிய அசைவில்லை. முனைவர் ஆய்வேடுகளை யார் படிக்கிறார்கள் என்று நாம் நமக்குள் கேட்டுக்கொள்வது இன்றைய வழக்கம் மட்டுமன்று போலும்.

1972-இல் நிலைமை மாறியது. சான் டியேகோவில் கோஸ்டெல்லோ, குரோஸ் முதலியோர் தங்கத்திலிருந்து வெளிவரும் பாசிட்ரான்களை ஆராய்ந்து, அவற்றை உலோகமே வெளியே தள்ளுகிறது எனக் காட்டினர். அதே ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கேன்ட்டர், கோல்மன், கிரிஃபித், ஹேலண்டு ஆகிய நால்வர், தங்கப் பட்டைகளின்மீது மக்னீசியம் ஆக்சைடுப் பொடியைப் பூசி, உள்வரும் ஒரு லட்சம் பாசிட்ரான்களுக்குச் சுமார் 3 என்ற விகிதத்தில் மெதுவானவற்றைப் பெற்றனர். லட்சத்துக்கு 3 என்பது வெற்றியாகக் கொண்டாடப்பட்டது! முன்பு கிடைத்ததோடு ஒப்பிட்டால் அது பெருவிளைச்சலே. அணுச் சிதறல் சோதனைகளுக்குப் போதிய கற்றை அதனால் உருவாயிற்று.

சேலத்துக்காரருக்கு இவ்விடத்தில் ஒரு சிறு நின்றுபார்த்தல் தவிர்க்க இயலாதது. சேலம் நகரை ஒட்டிய வெள்ளைக் குன்றுகளில் வெட்டப்படும் மக்னசைட்டைச் சூளையில் சுட்டால் கிடைப்பது இதே மக்னீசியம் ஆக்சைடுதான். எஃகு உலைகளின் உட்சுவருக்கான செங்கல்லாக அது போயிற்று. இலண்டன் ஆய்வகத்துப் பொடிக்கும் சேலத்துச் சுரங்கத்துக்கும் எவ்வுறவும் இல்லை. சேர்மம் ஒன்று, அவ்வளவே. ஆயினும் உள்ளூர் மாணவர்க்குத் தணிப்பான் என்பதை விளக்க இதைவிடக் கிட்டிய பொருள் வேறில்லை. அணு உலையில் நியூட்ரானின் வேகம் குறைக்கும் பொருளுக்குப் பாடநூல்களில் வழங்கும் 'தணிப்பான்' என்ற சொல்லே இங்கும் பொருந்துகிறது.

எழுபதுகளின் இறுதியிலிருந்து தூய ஒற்றைப் படிகங்கள் தணிப்பான்களாயின. பெல் ஆய்வகத்தில் ஆலன் மில்ஸ் இத்தடத்தில் முன்சென்றார். புரூக்ஹேவனில் வெஹானன், லின், ஷுல்ட்ஸ், எல்ட்ரூப் ஆகியோர் 1983-இல் டங்ஸ்டன் ஒற்றைப் படிகத்தைக் கொண்டு ஆயிரத்துக்குச் சுமார் 3 என்ற விகிதத்தை எட்டினர். 1986-இல் மில்ஸும் கலிக்சனும் உறைந்த நியான் வளிமத்தைத் தணிப்பானாக்கி அதனையும் கடந்தனர்.

டங்ஸ்டனைத் தணிப்பானாக்கும் முறை கூர்ந்து நோக்கத்தக்கது. வாங்கிய தகட்டை அப்படியே வைத்தால் பயனில்லை. உயர் வெற்றிடத்தில் ஏறத்தாழ 2000 பாகை செல்சியசுக்குச் சூடேற்ற வேண்டும். அவ்வெப்பத்தில் உலோகத்தின் குறைபாடுகள் ஆறிக் குறைகின்றன. மேற்பரப்பின் கரியும் ஆக்சிசனும் அகல்கின்றன. அதாவது, பிற பொருள்களில் ஒழிவிடம் தேடும் கருவிக்கு, ஒழிவிடம் அருகிய உலோகம் ஒன்று முதலில் வேண்டும். ரசெட்டியின் தோல்விக்கு விடை இந்தச் சூடேற்றலில் இருந்தது. ஆனால் ஒழிவிடம் பாசிட்ரானைப் பிடிக்கும் என்பதை 1967-க்குப் பின் அறிந்தவர்களுக்கே, ஏன் சூடேற்ற வேண்டும் என்பது ஐயமறத் தெரிந்தது. குறைபாட்டு ஆய்வு கற்றையிலிருந்து பிறந்தது என்று எழுதுவது வழக்கம். கால வரிசை இதற்கு மாறானது. குறைபாட்டு ஆய்வே கற்றையைத் திருத்தமாக்கியது. பின்னர்க் கற்றை அவ்வாய்வுக்குத் திரும்பி வந்தது. திரும்பி வந்ததன் தொடக்க அடையாளங்களுள் ஒன்று, முனிச்சில் டிரிஃப்ட்ஷாய்சரும் கேகலும் உலோக மேற்பரப்பின் கீழுள்ள குறைபாடுகளை ஒற்றை ஆற்றல் பாசிட்ரான்களால் ஆராய்ந்து 1982-இல் வெளியிட்ட தாள்.

கல்பாக்கம்

கல்பாக்கத்தில் 1971-இல் தொடங்கப்பட்ட உலை ஆராய்ச்சி மையம், 1985-இல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் மாறியது. அங்குள்ள வேக ஈனுலைச் சோதனை உலை அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று முதன்முதலாகத் தொடர்வினையை எட்டியது. வேக உலைக்கெனவே அமைந்த மையத்துக்கு டூன்ரேயின் வீக்கம் தொலைவான செய்தியன்று. நாள்தோறும் எதிர்நிற்கும் சிக்கல். பிற இடங்களில் பாசிட்ரான் என்னும் கருவி முதலில் வந்து, அதற்கேற்ற கேள்விகள் பின் வந்தன. கல்பாக்கத்தில் கேள்வி முன்பே காத்திருந்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

அங்குப் பாசிட்ரான் ஆய்வு 1985-க்கு முன்பே வேரூன்றிவிட்டது. ஏழாவது பன்னாட்டுப் பாசிட்ரான் இணையழிவு மாநாடு அவ்வாண்டு சனவரியில் புதுதில்லியில் கூடியது. அதன் தொகுப்பைப் பதிப்பித்த மூவருள் ஜெயின், சிங்ரு ஆகியோருடன் கல்பாக்கத்தின் கே. பி. கோபிநாதனும் ஒருவர். எண்பதுகளின் தொடக்கத்திலேயே கல்பாக்கத்தின் பி. விஸ்வநாதன் மேற்கூறிய முனிச்சுக் குழுவினரோடு இணைந்து, அலுமினியத்தில் ஈலியக் குமிழிகளைப் பாசிட்ரான் கொண்டு ஆராய்ந்தார். எண்பதுகளின் இறுதியில் உயர்வெப்ப மீக்கடத்திகள் உலகைக் கவர்ந்தபோது, அ. பாரதி, சி. எஸ். சுந்தர் முதலியோர் அவற்றிலும் பாசிட்ரானைச் செலுத்திப் பார்த்தனர். அது தனி வரலாறு. நம் கவனம் எஃகில்.

ஈலியம் ஏன் வந்தது? நியூட்ரான் எஃகின் அணுக்கருக்களோடு வினைபுரிகையில் சிறிதளவு ஈலியமும் உண்டாகிறது. உலோகத்தில் கரையாத அவ்வளிமம் ஒழிவிடங்களைத் தேடிச் சென்று அமர்கிறது. ஒழிவிடக் கூட்டத்துள் ஈலியம் புகுந்தால் அது கலைந்துபோகாமல் நிலைபெற்று வளரும். ஆகவே வீக்கத்தின் வித்து ஈலியத்தில் உள்ளது. நிக்கலில் ஈலியக் குமிழி எவ்வாறு கருக்கொண்டு வளர்கிறது என்பதை அமரேந்திரா, விஸ்வநாதன், பாரதி, கோபிநாதன் ஆகியோர் 1992-இல் ஃபிசிக்கல் ரிவ்யூ இதழில் விளக்கினர். வெறும் உட்புழையில் பாசிட்ரான் நீண்டு வாழும். ஈலியம் அடர்ந்த குமிழியில் அதன் ஆயுள் குறையும். ஆயுளைக் கொண்டு, குமிழி வெறுமையானதா நிறைந்ததா என்பதையும் அறியலாம்.

அடுத்த தாள் இக்கட்டுரையாளரின் பார்வையில் இவ்வரலாற்றின் நடுப்புள்ளி. ராஜாராமன், பத்மா கோபாலன், விஸ்வநாதன், வெங்கடேசன் ஆகியோர் 1994-இல் வெளியிட்டது அது. உலை எஃகில் சிறிதளவு டைட்டானியம் சேர்த்தால் வீக்கம் குறைகிறது என்பது முன்பே தெரிந்த செய்தி. 15 விழுக்காட்டளவில் குரோமியமும் அதே அளவில் நிக்கலும் கொண்ட டி-9 என்னும் எஃகு அவ்வகையினது. டைட்டானியம் எஃகிலுள்ள கரியோடு சேர்ந்து மிகச் சிறிய டைட்டானியம் கார்பைடு மணிகளாகப் படிகிறது. மணியும் எஃகும் சேரும் எல்லையில் அணுவரிசைகள் பொருந்தாமல் இடைவெளிகள் உண்டாகின்றன. ஈலியமும் ஒழிவிடங்களும் அவ்வெல்லைகளில் பல்லாயிரம் இடங்களில் சிதறிச் சிக்குவதால், ஓரிடத்தில் குவிந்து பெரிய உட்புழையாக வளர்வது தடைப்படுகிறது.

கல்பாக்கக் குழு குளிர்நிலையில் உருமாற்றிய எஃகைப் படிப்படியாகச் சூடேற்றி, ஒவ்வொரு படியிலும் பாசிட்ரானால் சோதித்தது. டைட்டானியம் இல்லாத எஃகில், உருமாற்றத்தால் உண்டான குறைபாடுகள் ஆற ஆறப் பாசிட்ரான் ஆயுள் குறைந்துகொண்டே போகும். டைட்டானியம் சேர்ந்த எஃகில் ஆயுள் முதலில் குறைந்து, ஒரு வெப்பநிலைக்கு மேல் மீண்டும் ஏறியது. பின் இன்னும் சூடேற்றியபோது இறங்கியது. ஏறியது கார்பைடு மணிகள் தோன்றியதன் அடையாளம். இறங்கியது அவை பருத்து எண்ணிக்கையில் குறைந்ததன் அடையாளம். எந்த வெப்பநிலைவரை இந்த எஃகின் காப்பு நிலைக்கும் என்பதை அந்த ஏற்ற இறக்கம் சொன்னது. கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலைக்கு உறைப்பொருளாக டி-9 தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதை நோக்க, இது ஏட்டளவில் நின்ற ஆர்வமன்று.

இங்கு ரசெட்டியின் முரண் மற்றொரு வடிவில் தலைகாட்டுகிறது. 1950-இல் குறைபாடு தடை. 1967-இல் அது அறியப்பட வேண்டிய பொருள். 1994-இல் அது எஃகைக் காக்கும் பொருட்டு நாமே திட்டமிட்டு உள்ளே வைப்பது. 'குறைபாடு' என்னும் நம் சொல் இம்மூன்றாம் நிலையைத் தாங்குமா என்பது ஐயமே. வேண்டுமென்றே வைக்கும் குறைக்குத் தமிழில் தகுந்த சொல் கட்டுரையாளருக்கு இன்னும் கிட்டவில்லை.

இவ்வளவும் வேகப் பாசிட்ரானால் நிகழ்ந்தவை. கற்றை ஏன் வேண்டியதாயிற்று? உலைக்குள் எஃகு படும் கேட்டை உண்மையாக அறிய ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெளியே எடுத்தால் அது கதிரியக்கம் மிகுந்தது, கையாள அரிது. ஆதலின் முடுக்கியிலிருந்து நிக்கல் போன்ற அயனிகளைப் பாய்ச்சி, ஆண்டுகளின் கேட்டைச் சில மணி நேரத்தில் உண்டாக்குவது உலகெங்கும் உள்ள முறை. கல்பாக்கத்திலும் 1.7 மெகாவோல்ட்டு முடுக்கி இருக்கிறது. ஆனால் அவ்வாறு பாயும் அயனி ஒரு மைக்ரோமீட்டர் அளவு ஆழத்தோடு நின்றுவிடும். 30 மைக்ரோமீட்டர் ஆழ்ந்து செல்லும் வேகப் பாசிட்ரான் அந்த மெல்லிய அடுக்கை அறியாமலே கடந்துபோகும். மெதுவாக்கி, ஒரே ஆற்றலில் மீண்டும் முடுக்கிய கற்றையானால் 1 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் இரும்பில் 5 நானோமீட்டர், 10-இல் 0.2 மைக்ரோமீட்டர், 30-இல் சுமார் 1.2 மைக்ரோமீட்டர் எனச் சராசரி ஆழத்தை நாமே தேர்ந்துகொள்ளலாம். அயனிகள் கேடு விளைத்த அடுக்கு இந்த எல்லைக்குள் கச்சிதமாக அடங்குகிறது.

கல்பாக்கத்தில் இதற்கென உருவான கற்றை குறித்து அமரேந்திரா, விஸ்வநாதன், வேணுகோபால் ராவ் முதலியோர் 1997-இல் கரண்ட் சயன்ஸ் இதழில் விரிவாக எழுதினர். ஆழந்தோறும் குறைபாட்டை அறியும் முறை இந்திய வாசகர்க்கு அத்தாளால் ஒழுங்குபட அறிமுகமாயிற்று. வேகப் பாசிட்ரான் முறையை அறிந்தோர்க்கு ஓர் இழப்பும் அதில் புலப்படும். சோடியம்-22 பாசிட்ரானோடு 1,274 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக் காமாக் கதிரையும் உடனே வெளியிடுகிறது. அதைப் பிறப்பின் நொடியாகவும் 511-ஐ இறப்பின் நொடியாகவும் கொண்டே ஆயுள் அளக்கப்பட்டது. கற்றையில் பாசிட்ரான் தணிப்பானில் நின்று, அலைந்து, புறப்பட்டு வருவதால் பிறப்பின் நொடி பயனற்றுப்போகிறது. கற்றையைச் சிறு துடிப்புகளாக நறுக்கினாலன்றி ஆயுளை அளக்க முடியாது. அது செலவும் உழைப்பும் மிக்கது. எனவே பெரும்பாலான கற்றைகளில் 511 கோட்டின் அகலத்தை மட்டும் அளந்து, குறைபாட்டின் அளவை ஊகிக்கிறார்கள். ஆழம் கிடைத்தது, கடிகாரம் போயிற்று.

மற்றொரு கட்டுப்பாடு காலம். முனிச்சுக்கு அருகிலுள்ள ஆராய்ச்சி உலையின் கற்றை நொடிக்கு நூறு கோடி அளவில் பாசிட்ரான்களைத் தரவல்லது. அதற்கு உலையே ஊற்று. சோடியம்-22 ஊற்றை நம்பும் ஆய்வகங்களின் கணக்கு வேறு. உலகில் அதை ஆக்கித் தரும் இடங்கள் சிலவே, தென்னாப்பிரிக்கா அவற்றுள் முதன்மையானது. அதன் அரை ஆயுட்காலம் 2.6 ஆண்டுகள். புதிய ஊற்று பொருத்திய நாளில் ஒரு மாணவர் ஐந்தாண்டு ஆய்வைத் தொடங்கினால், ஏட்டை முடிக்கும் வேளையில் அவர் கையில் இருப்பது நாலில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலான ஊற்று. முதலாண்டில் ஒரு மணி நேரத்தில் கிடைத்த அதே துல்லியத்துக்கு, இறுதியாண்டில் அவர் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகக் காத்திருக்க வேண்டும்.